கதவு தட்டாத ஊர்

எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பூட்டுவதும் இல்லை. வருகிறவன் வாசலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நான்தான்" என்று ஒரு குரல் கொடுத்தபடி அடுக்களைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். காப்பி இருந்தால் தானே ஊற்றிக்கொள்வான். கதவு தட்டும் சத்தம் கேட்டால் அது பாதிரியார். யாருடைய படகோ திரும்பவில்லை என்று சொல்ல வந்திருக்கிறார் என்று அர்த்தம். என் அம்மா அந்தச் சத்தத்தை இரண்டு முறை கேட்டவள்.

அதனால்தான் செப்டம்பரில் மிக்யால் வீட்டுக் கதவில் அந்தத் தாள் ஒட்டப்பட்டபோது, பரோயே தீவுகளின் தென்கோடியில் இருக்கும் எங்கள் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை.

'தயவுசெய்து தட்டவும். உள்ளே வர வேண்டாம். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலுக்கும் வர வேண்டாம். மார்யுன்.'

மிக்யால் எனக்கு எதிர்வீடு. நடுவில் நாற்பது அடிப் புல்லும் ஒரு சின்ன ஓடையும். அவனுக்கு நாற்பத்தேழு வயது, எனக்கு நாற்பத்தொன்பது. நான் துறையில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டுகிறவன், தனிக்கட்டை. அவனுக்கு ஆடுகள், கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலம். அவன் மனைவி மார்யுன் மீன் ஆலையில் சால்மன் அறுக்கும் வரிசையில் நிற்கிறாள். பிள்ளைகள் இல்லை. மூன்று மணிக் கப்பல் போனதும் நான் அவன் அடுக்களைக்குப் போவேன், அல்லது அவன் என் அடுக்களைக்கு வருவான். முப்பது வருடங்களாக இப்படித்தான். பேச்சென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காற்று எந்தப் பக்கம், எந்த ஆடு நொண்டுகிறது, அவ்வளவுதான். மீதி நேரம் இருவரும் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஜூலையில் ரோமம் கத்தரிக்கிறபோதுதான் முதலில் தெரிந்தது. சட்டைக் கையை மடித்தவனின் முழங்கை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் திட்டு.

"என்னடா இது? மார்யுன் அடிச்சாளா?"

"அவ அடிச்சா இவ்வளவு லேசாவா இருக்கும்?"

பட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளை ரோமத்தில் சொட்டியது. ஊர் ஆட்டு வேலைக்கெல்லாம் தலைவரான சாமல் கிழவர், "எப்பா, சாயம் ஏத்துற வேலையையும் சேத்தே முடிச்சிடுறான் பாரு" என்றார். அதற்கும் சிரித்தோம். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் ரத்தம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தலைநகர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து விமானத்தில் கோப்பன்ஹேகன். ஏழு வாரம் கழித்துக் கப்பலில் வந்து இறங்கினான். முகத்தில் துணி கட்டியிருந்தான். கயிற்றைக் கட்டிவிட்டு நான் போனதும் கையை நீட்டித் தடுத்தான்.

"கிட்ட வராத."

"வரல. என்னதான்டா சொன்னாங்க?"

"நம்ம நாய் ஆட்டைக் கடிச்சா என்ன பண்ணுவோம்?"

"சுட்டுடுவோம்."

"அதேதான். உடம்புக்குள்ள காவலுக்குன்னு நாய்ங்க இருக்காம். கிருமி வந்தா கடிச்சு விரட்டுறதுக்கு. என்னோடதுங்க புத்தி கெட்டுப்போயி, எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்தையே கடிச்சு வெச்சிருக்கு. மஜ்ஜையில ஊசி குத்தி எடுத்துப் பாத்தா வெறும் கொழுப்பு. சிவப்பணு இல்ல, வெள்ளையணு இல்ல, ரத்தத்தை உறைய வைக்கிறதும் இல்ல."

"உன் தம்பியோட மஜ்ஜைய வைக்கலாம்னு மார்யுன் சொன்னாளே?"

"பொருந்தல. அவனுக்கும் எனக்கும் என்னிக்கு என்ன பொருந்திச்சு? அதனால குதிரை."

சாமல் கிழவர் தபால் மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "என்னது, குதிரையா?"

"குதிரைக்கு ஊசி போட்டு, அதோட ரத்தத்துலேர்ந்து எடுக்கிற மருந்து, பெரியவரே. நாலு நாள் நரம்புல ஏத்துனாங்க. அது உள்ள போயி கடிக்கிற நாயையெல்லாம் கொன்னுடும். எனக்கு வந்த நடுக்கத்துல கட்டிலே ரெண்டடி நடந்துது."

"அப்ப இனிமே மலையேத்தத்துல உன்னைப் பிடிக்க முடியாதுன்னு சொல்லு. வைக்கோல் போட்டா திம்பியா?"

"ஓட்ஸ்தான் கேக்குறேன். மார்யுன் தர மாட்டேங்குறா."

கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாயெல்லாம் செத்துப்போச்சுன்னா, இப்ப காவலுக்கு யாரு?"

"யாருமில்ல. புதுசா வளரணும். மூணு மாசமோ நாலு மாசமோ. மறுபடி அதுங்களும் கடிக்காம இருக்க ரெண்டு வேளை மாத்திரை. வெள்ளையணு ஐந்நூறு இருந்தா ஓரளவு தாக்குப்பிடிக்கலாமாம். இப்ப தொண்ணூறு. அது வரைக்கும் சின்னதா ஒரு காய்ச்சல் வந்தாலும் உடனே போன் பண்ணணும். ஒரு மணி நேரம்கூட தள்ளிப்போடக் கூடாது."

"வளருமா?"

"பத்துப் பேருல ஆறு ஏழு பேருக்கு வளருமாம்."

மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. மார்யுன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் அவளுக்குப் பின்னால், வழியில் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மேட்டில் ஏறினான்.

முதல் வாரம் ஊரே அந்த வாசலுக்குப் போனது. போய்த் தாளைப் படித்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கும், அப்படியே இறக்கும். உள்ளே ஒருத்தன் நோயோடு கிடக்கும்போது அந்தக் கதவைப் போய்த் தட்ட யாருக்குத்தான் மனசு வரும்? ருபார்ப் ஜாம் புட்டியை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரண்டாவது வாரம் புட்டிகள் குறைந்தன. அக்டோபர் பிறந்தபோது அவன் வாசலுக்குப் போகும் தடத்தில், மார்யுன் கால் படும் ஓரத்தைத் தவிர, மிதிபட்டுக் கிடந்த புல்லெல்லாம் நிமிர்ந்துவிட்டது.

நான் மூன்று மணிக்குப் போன் செய்து பார்த்தேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காத்து மேற்கு."

"தெரியுது. எனக்கும் ஜன்னல் இருக்கு."

பிறகு இருவரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது பேசாமல் இருப்பது. போனில் அது யாரோ செத்த வீடு மாதிரி இருந்தது. நாலு நாளில் விட்டுவிட்டேன். அவனும் கூப்பிடவில்லை.

அக்டோபர் நடுவில் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி இறக்கும் நாள். வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். மலை முகட்டிலிருந்து கடல் விளிம்புவரை மனிதர்கள் சங்கிலியாக நின்று, குரல் கொடுத்துக்கொண்டே மெல்ல இறங்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடம் உண்டு. மிக்யாலின் இடம் செம்பாறைச் சரிவு. அங்கேதான் ஆடு திரும்பி ஏறப் பார்க்கும். அவன் நின்றால் ஏறாது. அந்த வருடம் ஆள் இல்லாததால் அதையும் சேர்த்து நானே பார்க்கச் சொன்னார் சாமல்.

மூடுபனி முகட்டில் கிடந்தது. என்னால் இரண்டு இடத்தில் நிற்க முடியவில்லை. பதினோரு ஆடுகள் செம்பாறை வழியாக ஏறி, பனிக்குள் போய் மறைந்தன.

"டே ஹனுசு! காலை ஆணியடிச்சா வெச்சிருக்கு? உங்கொப்பன் நின்னிருந்தா ஒரு ரோமம் தப்பியிருக்காதுடா!" சாமலின் குரல் மலை முழுக்க எதிரொலித்தது.

சாயங்காலம் என் போன் அடித்தது. பல வாரத்துக்குப் பிறகு மிக்யால்.

"பன்னெண்டு."

"பதினொண்ணுடா."

"பன்னெண்டு. பாறைக்குப் பின்னால ஒரு கறுப்பு ஒளிஞ்சிருந்துது. தூரக்கண்ணாடியில பாத்தேன். காலையிலேர்ந்து ஜன்னல்லதான் இருக்கேன்." தூரக்கண்ணாடியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. "நான் கத்துனேன்டா, ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து. உனக்கு எப்படிக் கேக்கும்?"

அறுத்த ஆடுகளில் அவன் பங்கை என் கொட்டிலில்தான் தொங்கவிட்டோம். சட்டங்களுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டுக் கட்டிய கொட்டில். கடல் காற்று உள்ளே புகுந்து கறியை மெல்லப் புளிக்க வைக்கும், காய வைக்கும். நவம்பர் கடைசியில் தொடைகளெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, கதவைத் திறந்தால் நெஞ்சுவரை இறங்கும் ஒரு வாசனை வந்துவிட்டது. எங்களுக்கு அந்த வாசனை வந்தால்தான் குளிர்காலம் வந்த மாதிரி.

அந்த வாரம் ஆலையில் எல்லோருக்கும் இருமல். மார்யுனுக்கும் தொண்டை கரகரத்தது. அவள் வீட்டுக்குள் நுழையாமலே பக்கத்து ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பும் முன் ஓடைக்கரையில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"சூப்பு ஃப்ரிட்ஜுல இருக்கு! நல்லா கொதிக்க வெச்சுக் குடி! காய்ச்சல் பாத்தியா?"

மிக்யால் ஜன்னலில் வெப்பமானியைத் தூக்கிக் காட்டினான்.

"இங்கேருந்து பாத்தா எனக்கென்ன தெரியும், லூசு! விரல்ல காட்டு!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஹனுஸ் அண்ணே, அவர்மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க. கண்ணு மட்டும்."

மூன்று நாள் கண்ணை மட்டும் வைத்திருந்தேன். அவன் மேசையருகே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. செவ்வாய்க்கிழமை செவிலி முகத்தைக் கட்டிக்கொண்டு வந்து ரத்தம் எடுத்துப் போனாள். எண்ணிக்கை நூற்றிருபது என்று மார்யுன் போனில் சொன்னாள். நாலாவது நாள் மூன்று மணிக்கு அவன் காப்பி ஊற்றிக்கொண்டு, எதிரில் இருந்த காலி பெஞ்சை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது என் இடம்.

நான் கொட்டிலுக்குப் போனேன். இருப்பதில் நல்ல தொடையாக ஒன்றை எடுத்து, அவன் கதவுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டு, வீட்டுக்கு வந்து போன் செய்தேன்.

"கதவுல பாரு."

"என்ன?"

"உன் ஆடுதான். ரெண்டு மணி நேரம் நல்லா கொதிக்க வெச்சுத் தின்னு."

"மார்யுன் எழுதி வெச்ச லிஸ்ட்டுல இது கூடாதுன்னு இருக்குடா."

"அது பச்சையாத் திங்கிறதுக்கு. ரெண்டு மணி நேரம் கொதிச்சா எந்தக் கிருமிடா நிக்கும்?"

அவன் போனை வைத்தான். கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வந்து, தொடையை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடி மோந்து, பிறகு பரிசு வாங்கியவன் மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். நானும் என் ஜன்னலில் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு என் வீட்டுக் காப்பி நன்றாக இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள், பதினொரு மணிக்கும் அவன் ஜன்னல் திரை விலகவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பிறகு கழுத்துத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன்.

தாளில் மழை பட்டு மை ஓடியிருந்தது. மார்யுனின் பெயர் மட்டும் படிக்க முடிந்தது. உள்ளே போனால் என் மூச்சிலிருந்து அவனுக்கு ஏதாவது தொற்றலாம். போகாவிட்டால்? நான் கையைத் தூக்கினேன். நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒரு கதவைத் தட்டினேன். மூன்று தட்டு. பதில் இல்லை. தள்ளித் திறந்தேன்.

அடுக்களைப் பெஞ்சில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"யாரு, பாதிரியாரா?"

"நான்தான்டா."

"நீயா தட்டினே?" உதடு வெடித்திருந்தது. அதோடு சிரிக்கப் பார்த்தான். "நான் செத்துட்டேன்னு எனக்கே சொல்ல வந்துட்டாங்களோன்னு நெனச்சேன்."

மேசைமேல் வெப்பமானி. முப்பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் பலகையில் அந்தத் தொடை, பாதி தீர்ந்திருந்தது. அதன் மறுமுனையில் கட்டைவிரல் அகலத்துக்கு மெல்லிய சீவல் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. தொடை வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து முதல் சீவலை வெட்டி வாயில் போட்டுப் பதம் பார்ப்பது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வது. எனக்கு அது தெரியாதா? கொதிக்க வை என்று சொன்ன நான் அதைச் சொல்லவில்லை.

"பச்சையாவா தின்னே?"

"ஒரே துண்டு. கை தானா போயிடுச்சு. மத்ததையெல்லாம் கொதிக்க வெச்சுத்தான் தின்னேன்."

"எப்பேர்ந்து காய்ச்சல்?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தா? உடனே போன் பண்ணணும்னு சொன்னாங்களேடா!"

"என்ன தின்னேன்னு கேப்பாங்க. கறி ஏதுன்னு கேப்பாங்க. மார்யுன் உன்னைக் கொன்னுடுவாடா." கண்ணை மூடிக்கொண்டான். "தள்ளிப் போய் நில்லு. துணி நழுவுது பாரு."

நான் போன் செய்து வரவழைத்த ஹெலிகாப்டர் கால்பந்துத் திடலில் இறங்கக் காற்று அரை மணி நேரம் வழிவிட்டது. சாமல் கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவனைத் தூக்கிப் போகும்போது ஊரே பத்தடி தள்ளி நின்று பார்த்தது. அவர்கள் போனதும் நான் அந்தத் தொடையைத் துறைக்கு எடுத்துப்போய்க் கடலில் எறிந்தேன். கடற்காக்கைகள் சண்டை போட்டுக்கொண்டன.

மறுநாள் தலைநகர்க் கப்பல் ஏற மார்யுன் துறைக்கு வந்தாள். இருமல் இன்னும் விடவில்லை. கறியைப் பற்றி முந்தின இரவே போனில் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க விடுவார்களாம்.

"கண்ணு மட்டும்னு சொன்னேனே அண்ணே."

"ஆமா."

"மூணு மாசமா கதவுக் கைப்பிடிய சாராயம் போட்டுத் துடைக்கிறேன். எம் புருஷன் பக்கத்துல படுக்காம வேற அறையில படுக்கிறேன். அந்தக் கைப்பிடியில கொண்டுபோயி பூஞ்சை பூத்த கறியக் கட்டியிருக்கீங்க."

"தனியா உக்காந்திருந்தான் மார்யுன்."

"நான் மட்டும் கூட்டத்தோடயா உக்காந்திருந்தேன்?"

கப்பல் கயிற்றை அவிழ்க்க வேண்டியிருந்தது. அவிழ்த்தேன்.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். குரல் தட்டையாக இருந்தது. "காய்ச்சல் இறங்கியிருக்கு. குடல்ல இருந்த கிருமி ரத்தத்துல கலந்திருக்காம். கறியாலதான்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. ரெண்டையும் உங்ககிட்ட சொல்லிட்டேன். எதை வெச்சுக்கணுமோ நீங்க வெச்சுக்குங்க."

கிறிஸ்துமஸ் போயிற்று. எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை. மூன்று மணிக்கே இருட்டிவிடும் நாட்கள். நான் துறைக்குப் போனேன், கயிறு கட்டினேன், வந்தேன். என் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் காப்பிக்கு எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு கணம் பேச்சு நின்று, பிறகு காற்றைப் பற்றித் தொடங்கியது. அப்புறம் போவதை விட்டுவிட்டேன். எண்ணிக்கை என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் யாரும் வரவில்லை.

ஜனவரி கடைசியில் கப்பலோடு ஒரு சளியும் வந்து ஊரைச் சுற்றியது. எனக்கும் பிடித்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அடுப்பருகே கிடந்தேன். மூன்றாம் நாள், மதியத்தில், கதவு தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு.

என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஊர்ப் படகுகள் எல்லாம் துறையில்தான் நின்றன. கடலில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. பாதிரியார் வருவதென்றால் ஒருவனைப் பற்றிச் சொல்லத்தான் வர வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. திறக்காவிட்டால் சொல்ல மாட்டார். இரண்டாவது முறை என் அம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி மூன்று தட்டு.

"டே ஹனுசு! உள்ளதான இருக்க? காது போச்சா?"

நான் கதவருகே ஓடினேன். கைப்பிடியைத் தொட்டவன் அப்படியே நின்றேன். "தள்ளி நில்லு! உள்ள வராத!"

"ஏண்டா?"

"சளிடா. மூணு நாளா."

வாசல் கல்லில் பூட்ஸ் இரண்டடி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"இதுக்குத்தான் தட்டச் சொன்னாங்க," என்றான் மிக்யால். "எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டி, சளி இருக்கான்னு கேட்டுட்டுத்தான் போகணுமாம். கப்பல்ல வந்து இறங்கினதுலேர்ந்து வழியெல்லாம் தட்டிட்டு வர்றேன். சாமல் கிழவர் கட்டிலுக்கு அடியில போயிட்டாரு. வெளிய இழுக்க வேண்டியதாப் போச்சு."

"எண்ணிக்கை?" மூக்கடைத்த குரலில் கேட்டேன்.

"அறுநூத்திப் பத்து."

"என்ன?"

"அறுநூத்திப் பத்துடா! ரெண்டு தடவ எண்ணிட்டாங்க. குட்டி நாய்ங்கதான். மாத்திரைய விட முடியாது. ஆனா குலைக்குது."

நான் நெற்றியைக் கதவுப் பலகையில் வைத்துக்கொண்டேன். "நீ இங்க வந்தது மார்யுனுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி? பிளாஸ்க் குடுத்து அனுப்புனதே அவதான். ஆனா ஒரு மூடிதான் குடுத்திருக்கா. உனக்குக் கிடையாது."

"என் அடுப்புல இருக்கு."

"அப்ப எடுத்துட்டு வந்து உக்காரு."

அவன் வாசல் கல்லில் கதவோடு முதுகு சாய்த்து உட்காருவது பலகையில் தெரிந்தது. நான் என் கோப்பையை எடுத்து வந்து, இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, அதே இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். கூரையில் மழை தூற ஆரம்பித்தது.

"காத்து வடக்க திரும்பிடுச்சு," என்றான்.

"ம்."

அதற்குப் பிறகு பேசவில்லை. மாத்திரையால் அவன் கைக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை போலிருக்கிறது. பிளாஸ்க் மூடி கதவில் பட்டு டக் டக்கென்று மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. என் காப்பி ஆறிப்போனது. நான் எழுந்திருக்கவில்லை.